பாவடி வீதியின் காது

பல்லடத்துக்குக் கிழக்கே, தறிச்சத்தத்தை அடையாளமாக வைத்தே வழி சொல்லக்கூடிய ஊர்களில் ஒன்றில், பாவடி வீதி என்று ஒரு வீதி இருந்தது. வீதியின் இருபுறமும் தறிக் குடோன்கள், குடோன்களுக்கு நடுவே வீடுகள், வீடுகளுக்குள் தறி ஓட்டுகிறவர்கள், அவர்கள் காதுகளுக்குள் இரவும் பகலும் தறிச்சத்தம். குழந்தைகள் அந்தச் சத்தத்தில்தான் பிறந்து அந்தச் சத்தத்தில்தான் தூங்கினார்கள், கரண்ட் போய்ச் சத்தம் நின்றால்தான் திடுக்கிட்டு எழுந்து அழுதார்கள். அங்கே பேசுவதென்றால் உதட்டை அகலமாக விரித்துப் பேசுவார்கள், கேட்பதென்றால் கண்ணால் கேட்பார்கள். குடோனின் இந்தக் கோடியில் நிற்கும் ஒருத்தி அந்தக் கோடியில் நிற்பவளிடம் வாயசைப்பிலேயே ரசத்துக்குப் பக்குவம் கேட்டு, அவள் சொன்னதைத் தெரிந்துகொண்டு, அது தப்பு என்று முகத்தையும் சுளித்துவிடுவாள். இத்தனைக்கும் ஒரு சொல்கூடக் காற்றில் போயிருக்காது.

அந்த வீதியில் கண்ணால் கேட்கத் தெரியாத ஆள் ஒருத்திதான். அவள் பெயர் வயலட். பாளையங்கோட்டைக்காரி, அங்கேயே பிறந்து, ஆஸ்பத்திரி ஒன்றின் மருந்து அறையில் வேலை பார்த்து, ஓய்வு பெற்று, புருஷனையும் அந்த மண்ணிலேயே அடக்கம் செய்தவள். மகன் காட்வினுக்குத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தபோது, ‘யம்மா, நீயும் வந்துரு’ என்று கூட்டி வந்து இந்த வீதியில் வீடு பிடித்தான். வந்து மழைக்காலம் ஒன்று போவதற்குள் கம்பெனி அவனைப் போலந்துக்கு அனுப்பிவிட்டது. வீடும் வயலட்டும் வீதியில் மிச்சம் இருந்தார்கள். அக்கம்பக்கத்தார் நல்லவர்கள்தான். எதிரில் வந்தால் சிரிப்பார்கள், உதட்டை விரித்து ஏதோ சொல்வார்கள். அவளுக்கு விளங்காது, அவளும் சிரித்துவைப்பாள். அவள் பெயரும் வாயசைப்பில் பாதிதான் அவர்களுக்குத் தெரிந்தது. அதனால் எல்லாருக்கும் அவள் வயலக்கா.

பாளையங்கோட்டையில் இருந்த காலம் முழுவதும் வயலட் சர்ச் பாடகர் குழுவில் ஆல்டோ பாடினாள். ஆல்டோ என்பது இரண்டாம் குரல். சொப்ரானோ என்கிற முதல் குரல் பாட்டின் மெட்டைத் தூக்கிக்கொண்டு மேலே மேலே போகும். ஆல்டோ கீழே நின்று அதைத் தாங்கும். கேட்கிறவர்கள் சொப்ரானோவைத்தான் கேட்பார்கள், அதைத்தான் வீட்டுக்குப் போகிற வழியில் முணுமுணுப்பார்கள். ஆல்டோவை யாரும் கேட்பதில்லை. ஆனால் அது நின்றுபோனால் மட்டும், பாட்டுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று எல்லாரும் தலையைத் திருப்புவார்கள். குழு நடத்திய மாஸ்டர் ஆல்டோக்காரிகளுக்கு ஒரே ஒரு சட்டம்தான் வைத்திருந்தார்: ‘உன் குரல் உனக்கே கேட்டுதுன்னா, அது ஜாஸ்தி.’ வயலட் அந்தச் சட்டத்தைக் கடைசிவரை மீறவில்லை. அவளுக்கு இடது பக்கத்தில் ஹெப்சிபா என்கிற சொப்ரானோக்காரி நிற்பாள். இருவருமாக ஒரே புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, ஒருத்தி மேலே ஒருத்தி கீழே, எத்தனையோ கிறிஸ்துமஸ்களைப் பாடித் தீர்த்தார்கள். அந்த ஹெப்சிபா போன ஐப்பசியில் இறந்துபோனாள். செய்தி போனில் வந்தது. கூடவே பூமாலைப் படமும் வந்தது.

அதற்குப் பிறகு வயலட்டுக்கு ஒரே ஒரு ஆசை. அவர்கள் இருவரும் சேர்ந்து பாடிய சாயங்காலப் பாட்டு ஒன்றை, இரண்டு குரலோடும், முழுசாக, இன்னொரு தடவை காதால் கேட்டுவிட வேண்டும்.

ஆனால் ஆல்டோவைத் தனியாகப் பாடினால் அது பாட்டாக இருக்காது. அடுப்படி ஜன்னலில் நின்று அவள் பாடிக்கொண்டிருந்த ஒரு நாள், தறிகள் ஓயும் ஷிப்ட் மாறுகிற நேரத்தில், எதிர்க் குடோனில் தறி ஓட்டும் மயிலாத்தாள் அதைக் கேட்டுவிட்டாள்.

“ஏனுங்க்கா,” என்றாள் மயிலாத்தாள், ஒளிவு மறைவு இல்லாமல், “உங்க பாட்டு எங்கியும் போகமாட்டேங்குதே? நின்ன எடத்துலயே நின்னு மண்ண மெதிச்சுட்டு இருக்குது. ஊடை இல்லாத பாவாட்டங்க.”

பாவு என்பது நெட்டு நூல், ஊடை என்பது அதன் குறுக்கே ஓடுகிற நூல். இரண்டும் சேர்ந்தால்தான் துணி. வயலட்டுக்கு அது சுருக்கென்றது, ஆனால் பொய் என்று சொல்ல முடியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகன் போனில் வந்தபோது பேச்சோடு பேச்சாக ஆசையைச் சொன்னாள்.

“அதுக்கென்னம்மா,” என்றான் காட்வின். “ரெண்டு குரலையும் நீயே பாடலாம். மொதல்ல ஆல்டோவப் பாடிப் பதிஞ்சுக்கோ. பொறவு அதக் காதுல கேட்டுக்கிட்டே சொப்ரானோவப் பாடு. ஒண்ணு மேல ஒண்ணு ஒக்காந்துக்கிடும். அதுக்குன்னு ஒரு பெட்டி இருக்கு, நான் அனுப்புதேன்.”

“சொப்ரானோ ஹெப்சிக்குல்லா உள்ளது.”

“மொதல்ல உள்ளதப் பாடு. மிச்சத்தப் பொறவு பாப்போம்.”

பெட்டி வந்தது. சிவப்பு நிறம், கையில் அடங்கும் அளவு. ஆடியோ இன்டர்ஃபேஸ் என்று அதற்குப் பெயர். போனைத் தலையணையில் சாய்த்துவைத்து மகன் சொல்லச் சொல்ல, வயலட் ஒவ்வொன்றாகப் பூட்டினாள். மருந்து அறையில் வேலை பார்த்தவள் ஆகையால், ஒரு வேலை முடியாமல் அடுத்த வேலையைத் தொடமாட்டாள். மைக்கின் தடித்த ஒயரின் ஒரு முனையில் மூன்று ஊசிகள் இருந்தன, பெட்டியின் முகத்தில் அவற்றுக்கென்று மூன்று துளைகள் இருந்தன. ஊசி துளையில் இறங்கி ‘க்ளக்’ என்று சத்தம் வந்தால்தான் பூட்டிக்கொண்டது என்று அர்த்தம். பெட்டியின் முதுகிலிருந்து யூஎஸ்பி ஒயர் லேப்டாப்புக்குப் போயிற்று. ஹெட்போன் பெட்டியின் முன்பக்கத்தில் ஏறியது. நாற்பத்தெட்டு என்று எழுதிய பொத்தான் வேறு வகை மைக்குக்கு ஆனது, அதைத் தொடவேண்டாம் என்றான் மகன், தொடவில்லை. பதிவு செய்கிற செயலியைத் திறந்ததும், எந்த மைக்கின் வழியாகக் கேட்கட்டும் என்று அது கேட்டது. லேப்டாப்பின் சொந்த மைக்கை விட்டுவிட்டுச் சிவப்புப் பெட்டியின் பெயரைத் தொட்டாள். சுவர்கள் குரலைத் திருப்பி எறியாமல் இருக்க, கொடி கட்டிப் போர்வைகளைத் தொங்கவிட்டாள். கூடம் நோயாளியின் அறைபோல ஆயிற்று.

மிஞ்சியது ஒரு குமிழ். அதற்குக் கெயின் என்று பெயர். பெட்டி எவ்வளவு கூர்ந்து கேட்க வேண்டும் என்பதை அது சொல்லும். குமிழைச் சுற்றி ஒரு வளையம் உண்டு. வளையம் இருட்டாக இருந்தால் பெட்டிக்குக் கேட்கவில்லை, பச்சையாக எரிந்தால் நன்றாகக் கேட்கிறது, சிவந்தால் சத்தம் மிஞ்சிவிட்டது.

“எவ்வளவு சத்தத்துல பாடப்போறியோ அவ்வளவு சத்தத்துல பாடிக்கிட்டே திருப்பும்மா.”

“பாடுதேன். பச்சை வரலியே.”

“சத்தமாப் பாடு.”

“இதாம்ல என் சத்தம்.”

“அப்பக் கொஞ்சம் கூடத் திருப்பு. யம்மா, மீட்டிங்குக்குக் கூப்பிடுதாங்க, நான் பொறவு வாரேன்” என்று அவன் மறைந்துபோனான்.

வேறு யாராக இருந்தாலும் குரலை ஒரு பிடி உயர்த்தியிருப்பார்கள், வளையம் பச்சையாகியிருக்கும், கதையும் அங்கேயே முடிந்திருக்கும். வயலட்டோ ஆல்டோக்காரி. தன் குரல் தனக்கே கேட்காதபடி பாடினாள்; பச்சை வரவில்லை என்றதும் குரலை விட்டுவிட்டுக் குமிழைத் திருப்பினாள்; பாடினாள், திருப்பினாள், பாடினாள், திருப்பினாள்; குமிழ் அதன் எல்லைக்கு வந்து முட்டியது. ஊறுகாய் ஜாடியின் மூடியை இறுக்கிப் பழகிய கை, இன்னும் கொஞ்சம் முறுக்கியது. முட்டிய குமிழ் இளகி, எல்லைக்கு அப்பால் இன்னொரு முழுச் சுற்றுச் சுற்றியது. வளையம் பச்சையாக எரிந்தது. பாவடி வீதியின் சத்தமெல்லாம் பெட்டிக்குள் போய்விட்டது.

ஹெட்போனைக் கழற்றினாள், அமைதி. ஜன்னலுக்கு வெளியே எதிர்க் குடோனில் தறிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன, ஊடை நூலைச் சுமக்கும் நாடா இங்கும் அங்கும் பறந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் மீன்தொட்டிக்குள் பார்ப்பதுபோல இருந்தது. ஹெட்போனை மாட்டினாள், தறி, நாய், குக்கர், குழந்தை, மிதிவண்டி மணி, யார் வீட்டிலோ தேங்காய் துருவுவது, எல்லாம் அதற்குள் இருந்தன. வயலட் எழுந்து தண்ணீர் குடித்தாள். பிறகு, இதைவிட நல்ல அமைதி கிடைக்காது என்று உட்கார்ந்து, சாயங்காலப் பாட்டின் ஆல்டோவை முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை பாடிப் பதிந்தாள்.

வீதியில் முதலில் விழித்துக்கொண்டவர்கள் ராத்திரி ஷிப்ட் முடிந்து பகலில் தூங்கியவர்கள்தான். சத்தம் நின்றதில் தூக்கம் கலைந்து, வேட்டியை இறுக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். கரண்ட் போயிருச்சா என்று உதடு கேட்டது. இல்லை, தறி ஓடுது என்று உதடு சொன்னது. அப்புறம் சத்தம்? போச்சு. அவ்வளவுதான் பேச்சு. கண்ணால் கேட்டே வாழ்ந்துவிட்ட அந்த வீதிக்குப் பெரிதாக ஒன்றும் குடி முழுகவில்லை. தறிச்சத்தத்துக்குப் பயந்து ஆண்டுக் கணக்கில் ஒதுங்கியிருந்த மைனாக்கள் மட்டும் முருங்கை மரத்தில் வந்து உட்கார்ந்து, ஓசையில்லாமல் வாயைத் திறந்து திறந்து மூடின.

குடோன்காரர் நாச்சிமுத்துக்குத்தான் கஷ்டம். ஊடை அறுந்தால் தறியின் சத்தம் மாறும், அதை வைத்துத்தான் ஓடிப்போய் நிறுத்துவார்கள். சத்தமே இல்லாவிட்டால் துணி பாழாய்ப் போகும். காணாமற்போன ஆட்டைத் தேடுவதுபோல அவர் சத்தத்தைத் தேடி வீடு வீடாக நுழைந்து பார்த்தார். வயலட்டின் வாசற்படியைத் தாண்டியதும் அவருடைய செருப்புச் சத்தம் அவருக்கே கேட்டது.

“இங்கதான் இருக்குதுங்களா?” என்றார்.

“இந்தாங்க” என்று வயலட் ஹெட்போனைக் கொடுத்தாள்.

நாச்சிமுத்து மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். “நாலாவது தறில ஊடை அறுந்துருச்சு” என்று சொல்லிவிட்டு ஓடினார்.

அன்றிலிருந்து பாவடி வீதிக்கு வயலட்டின் கூடம் காது ஆயிற்று. அந்த ஒரு கூடத்தில் மட்டும்தான் பேச்சு வாயைவிட்டு வெளியே வந்தது, அந்த ஒரு ஹெட்போனில் மட்டும்தான் வீதி கேட்டது. யாராவது ஒருவர் எப்போதும் ஹெட்போனை மாட்டி உட்கார வேண்டும் என்று ஏற்பாடு செய்துகொண்டார்கள். அந்த வேலைக்கே காது என்று பெயர் வந்துவிட்டது. “இன்னிக்குக் காது ஆருங்க?” “நம்ம கண்டக்டர் சம்சாரமுங்க.” காதாக இருப்பவர் ஜன்னல் வழியே துண்டை ஆட்ட வேண்டும். மஞ்சள் துண்டு என்றால் யார் வீட்டிலோ குக்கர் விசில் போட்டுவிட்டது, நீலத் துண்டு என்றால் தறியில் ஊடை அறுந்துவிட்டது, கோடு போட்ட துண்டு என்றால் தொட்டிலில் குழந்தை அழுகிறது. உப்பு விற்கிறவர் வீதி முனையில் நின்று தொண்டை நரம்பு புடைக்கக் கூவுவார். காது அதைக் கேட்டு வெள்ளைத் துண்டை ஆட்டும். பெண்கள் படியோடு வெளியே வருவார்கள். மஞ்சளையும் கோட்டையும் மாற்றி ஆட்டிய ஒருத்தியால் ஒரு வீட்டில் பருப்பு தீய்ந்து, இன்னொரு வீட்டில் தூங்கிய குழந்தையைத் தட்டி எழுப்பினார்கள். ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அடுத்த வாரத்தில், வீதி என்றால் இப்படித்தான் இருக்கும் என்பதுபோல ஆகிவிட்டது.

வயலட்டின் வீடு நிறைந்துவிட்டது. பேச வேண்டியவர்கள் அங்கேதான் வந்து பேசினார்கள். மாமியாரும் மருமகளும் சண்டை போட அங்கேதான் வந்தார்கள், பெண் பார்க்க வந்தவர்களும் அங்கேதான் உட்கார்ந்தார்கள். அவள் வரக்காப்பி போட்டுக்கொண்டே இருந்தாள். டம்ளர் போதாமல் பாத்திரக்கடைக்குப் போனாள். காலையில் கதவைத் திறந்தால் வாசலில் ஆள் நிற்பதைப் பார்க்கும்போது, பாளையங்கோட்டையில் கிறிஸ்துமஸ் காலை விடிவதுபோல அவள் நெஞ்சுக்குள் ஏதோ விடிந்தது.

ஆனாலும் ஒன்று. வருகிறவர்கள் காதை மாட்டிக்கொண்டால் அவர்கள் கண் வேறெங்கோ போய்விடும். கழற்றியதும் துண்டோடு ஓடுவார்கள். காத்திருக்கிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். வயலக்கா காப்பி கொடுத்தால் வாங்கிக் குடிப்பார்கள், நல்லா இருக்குதுங்க என்பார்கள். இந்தப் பெட்டியை எதற்கு வாங்கினீர்கள் என்று ஒருவரும் அவளைக் கேட்கவில்லை. அத்தனை பேர் கேட்பதற்கென்றே வந்தார்கள். ஒருவர்கூட எதையும் கேட்கவில்லை.

காட்வின் போனில் வந்தான். வீதி முழுவதும் பெட்டிக்குள் வந்துவிட்டதை அவள் சொன்னாள்.

“அது கெயின் ஜாஸ்திம்மா,” என்றான் அவன், சாம்பாரில் உப்பு ஜாஸ்தி என்பதுபோல. “எல்லாருக்கும் நடக்கதுதான். நீ மெதுவாப் பாடுத, பெட்டி எட்டி எட்டிக் கேக்கு. நீ சத்தமாப் பாடு, வளையம் செவக்கும், அப்பக் குமிழக் கொற. இன்னும் சத்தமாப் பாடு, இன்னும் கொற. சரியாப் போவும்.”

ஒயரைப் பிடுங்கிப் பார்த்தால்? ஒயரை அவள் ஏற்கெனவே பிடுங்கிப் பார்த்திருந்தாள், பச்சை அணையவில்லை. குமிழை வெறும் கையால் திருப்பியும் பார்த்திருந்தாள், அசையவில்லை. மகன் சொன்னபடி, யாரும் இல்லாத ஒரு மத்தியானம் மைக்குக்கு எதிரே நின்று, வழக்கத்தைவிடக் கொஞ்சமே கொஞ்சம் குரலை ஏற்றிப் பார்த்தாள். வளையத்தின் ஓரம் சிவந்தது. குமிழ் ஒரு நூல் அளவு பின்னால் வந்தது. வெளியே வீதியில் மிதிவண்டி மணி ஒன்று ‘கிணிங்’ என்றது.

அப்போது வாசலில் கொலுசு கேட்டது. “அக்கா, கம்மங்கூழ் காச்சுனனுங்க, உங்களுக்கும் ஒரு சொம்பு” என்று மயிலாத்தாள் உள்ளே வந்தாள். “வர்ற வழில சைக்கிள் மணிச் சத்தம் கேட்டாப்புல இருந்துச்சு. பிரமையாட்ட இருக்குது.”

“பிரமையாத்தான் இருக்கும்” என்றாள் வயலட்.

கூழை வாங்கிக்கொண்டாள். அன்றைக்குப் பிறகு குமிழைத் தொடவில்லை. தொட்டால் வீதிக்குச் சத்தம் திரும்பிவிடும், சத்தம் திரும்பினால் வாசலில் ஆள் இருக்காது. அது அவளுக்குத் தெரியும். ஆல்டோவை முடித்தாயிற்று, சொப்ரானோவை இப்போது என்ன அவசரம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். கூட்டத்துக்கு நடுவே, போர்வைகளுக்கு நடுவே, டம்ளர்களைக் கழுவிக் கழுவிக் கவிழ்த்தாள்.

மாரியம்மன் நோம்பி வந்தது. தறிகளை நிறுத்தினார்கள், வீதியில் பந்தல் போட்டார்கள், வேப்பிலை கட்டினார்கள், பம்பை அடிக்கிறவர்கள் வந்து அடித்தார்கள். குச்சி விழுந்து விழுந்து எழுந்தது, தோல் அதிர்ந்தது, சத்தம் வரவில்லை. வருஷா வருஷம் சாமி வருவது மயிலாத்தாளுக்குத்தான். மஞ்சள் சேலை கட்டி, ஈரத் தலையோடு, வேப்பிலையைப் பிடித்துக் கோயில் முன்னால் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். பம்பையே கேட்காதபோது அம்மன்தான் எதைப் பிடித்துக்கொண்டு வருவாள்? வெயில் ஏறியது. ஜனங்கள் ஒருவர் உதட்டை ஒருவர் பார்த்தார்கள்.

கடைசியில் நாச்சிமுத்து வயலட் வீட்டுக்கு வந்து, வாசலிலேயே தயங்கி நின்றார்.

“சாமிக்குப் பம்பை கேக்கோணுமுங்க. மயிலாத்தாள இங்க கூட்டிட்டு வரலாமுங்களா? உங்குளுக்குச் சங்கடமுங்களா, நீங்க வேதக்காரங்க...”

“ஊரே வந்து காப்பி குடிக்கீங்க,” என்றாள் வயலட், “சாமி மட்டும் வாசல்ல நிக்கணுமா? கூட்டிட்டு வாங்க.”

கூட்டி வந்தார்கள். கூடம் கொள்ளாத ஜனம். போர்வைகளுக்கு நடுவே மயிலாத்தாளை நிறுத்தி, ஈரத் தலையைத் துவட்டி, ஹெட்போனை மாட்டினார்கள். அவள் தலை முதலில் சற்றே ஆடியது, பிறகு தோள் ஆடியது, பிறகு வேப்பிலை தரையைப் பெருக்கச் சுழன்று சுழன்று ஆடினாள்; ஹெட்போன் ஒயர் இழுபடாமல் இருக்கக் கண்டக்டர் சம்சாரம் அதைப் பிடித்துக்கொண்டு கூடவே சுற்றினாள். பம்பை வேறு யார் காதுக்கும் கேட்காத அந்தக் கூடத்தில், கொலுசுச் சத்தத்தோடு மட்டும் அம்மன் வந்தாள்.

ஒவ்வொருவராக முன்னால் போய் வாக்குக் கேட்டார்கள். மழை வருமா தாயி. மகளுக்கு எடம் அமையுமா தாயி. நூல் வெலை எறங்குமா தாயி. அம்மன் சொல்லிக்கொண்டே வந்தவள், திடீரென்று ஆட்டத்தை நிறுத்தி, தலையைச் சாய்த்து, ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“எல்லாச் சத்தத்துக்கும் அடியில ஒரு சத்தம் கெடக்குது. ஆருதுடா அது?”

யாருக்கும் தெரியவில்லை.

“இத்தன நாளா இந்தக் காத மாட்டிக் கேட்டீங்களே. அவங்கவங்க ஊட்டுக் குக்கரக் கேட்டீங்க. அடியில கெடக்கறது ஆருதுன்னு ஒருத்தனாச்சும் கேட்டீங்களா?”

கூடம் தலை குனிந்தது. சமையலறை வாசலில், கையில் டம்ளர்த் தட்டோடு நின்ற வயலட், “என்னுதும்மா” என்றாள்.

அம்மன் அவளைப் பார்த்தாள். “நீ என்னடி கேக்கறே?”

அந்த வீதிக்கு வந்தபிறகு முதல்முறையாக ஒருவர் அவளை அப்படிக் கேட்டார். மழையும் மகனும் உடம்பும் எல்லாம் நெஞ்சில் வந்து போயின. கடைசியில், “ஒரு பாட்டு” என்றாள். “முழுசா ஒருக்காக் கேக்கணும். மேல் குரல் பாடுதவ போயிட்டா.”

“அடியிலயே கெடந்தா எப்படிடி கேக்கும்?” என்றாள் அம்மன். “மேல வா.”

தட்டைக் கீழே வைத்தாள் வயலட். வைக்கும்போதே, இதோடு இந்தக் கூட்டம் போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்தது. டம்ளர்களை ஒருமுறை பார்த்தாள். பிறகு மைக்குக்கு எதிரே வந்து, வலது கையைக் குமிழின்மேல் வைத்து, சாயங்காலப் பாட்டை எடுத்தாள். ஆல்டோவை அல்ல, ஹெப்சிபாவின் குரலை. அதை அவள் ஒருநாளும் பாடியதில்லை, ஆனால் தெரியாமல் எப்படி இருக்கும், இடது காதுக்கு அருகில் ஆயுசு பூராவும் கேட்ட குரல் அல்லவா? முதல் அடி மெலிந்து வந்தது. இரண்டாம் அடியில் அவள் குரல் அவளுக்கே கேட்டது. ஜாஸ்தி, ஜாஸ்தி என்று உள்ளே மாஸ்டர் சொன்னார், அவள் நிறுத்தவில்லை. வளையம் சிவந்தது, குமிழைக் குறைத்தாள்; வெளியே ஒரு நாய் குரைத்தது. இன்னும் ஏற்றிப் பாடினாள், சிவந்தது, குறைத்தாள். குழந்தை ஒன்று அழுதது, கதவு ஒன்று கிறீச்சிட்டது, மைனாக்கள் ஒரே மூச்சில் கத்தித் தீர்த்தன. மெட்டு மேலே மேலே போயிற்று, குமிழ் கீழே கீழே வந்தது. குரல் உடைகிற இடத்தில் உடைந்தது, உடைந்த குரலோடு மேலே போனாள். குமிழ் தன் எல்லைக்குள் வந்து ‘டக்’ என்று நின்றபோது, வளையம் அவள் ஒருத்தியின் குரலுக்காக மட்டும் பச்சையாக எரிந்தது. வெளியே பம்பை இடியாய் இடித்தது.

ஜனங்கள் ஹோவென்று வெளியே ஓடினார்கள். சாமியையும் கைத்தாங்கலாகப் பம்பைக்கு முன்னால் கூட்டிப் போய்விட்டார்கள். ஹெட்போன் தரையில் கிடந்தது. பாட்டு இன்னும் ஒரு அடி பாக்கி இருந்தது. வெறுங்கூடத்தில் அதையும் பாடி முடித்துவிட்டு, வயலட் வேப்பிலையைக் கூட்டி அள்ளினாள்.

பிறகு யாரும் வரவில்லை. கோபமோ வருத்தமோ ஒன்றும் இல்லை. அவரவர் சத்தம் அவரவர் வீட்டில் கேட்டது, அவ்வளவுதான். எதிரில் வந்தால் சிரித்தார்கள், உதட்டை விரித்து ஏதோ சொன்னார்கள். துண்டுகளை வந்து வாங்கிப் போனார்கள். டம்ளர்களை அவள் மேல் பரணில் ஏற்றினாள், இரண்டை மட்டும் வெளியே வைத்துக்கொண்டாள். பிறகு ஒன்றை எடுத்து அதையும் ஏற்றினாள்.

நோம்பி முடிந்து தறிகள் ஓடத் தொடங்கிய காலையில், அடுப்படியில் நின்றவள் கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு ஜன்னலுக்கு வந்தாள். வெளுக்கப் போட்ட துணிகளில் ஒன்றின் சாயம் மற்றதில் ஏறிவிடுவதுபோல, பெட்டிக்குள் ஒன்றாகக் கிடந்த நாட்களில் அவளுடைய ஆல்டோ தறிச்சத்தத்தில் ஏறிவிட்டிருந்தது. டக்கடக் டக்கடக் என்பதற்கு அடியில், தாழ்ந்து, நின்ற இடத்திலேயே நின்று, குடோன் குடோனாக வீதி முழுவதும் அது ஓடிக்கொண்டிருந்தது. வீதிக்கு அது தெரியவில்லை. ஆல்டோவை யார் கேட்கிறார்கள்?

வயலட் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வீதியின் ஆல்டோவுக்கு மேலே, சாயங்காலப் பாட்டின் முதல் குரலை எடுத்துப் பாடினாள். காலை வெயிலில், மைக் இல்லாமல், பெட்டி இல்லாமல், தொண்டை கொண்ட மட்டும். பாட்டு முழுசாக இருந்தது. அதை முழுசாகக் கேட்கிற ஆள் அவள் ஒருத்திதான் இருந்தாள். மறுநாளும் பாடினாள், அதற்கு மறுநாளும்.

ஒரு நாள் ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்த மயிலாத்தாள், சோற்றுத் தூக்குப்போசியோடு ஜன்னலுக்கு எதிரே நின்றாள். நோம்பியன்று தன் வாய் சொன்னதெல்லாம் அவளுக்கு நினைவு இல்லை. சாமி வந்தவர்களுக்கு நினைவு இருக்காது. தறிகள் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. வயலட்டின் உதடு அசைவதை அவள் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, அந்த வீதியின் வழக்கப்படி உதட்டை அகலமாக விரித்து, ஓசை இல்லாமல், ஒவ்வொரு எழுத்தாக, வயலட்டுக்குக்கூட விளங்கும்படி சொன்னாள்:

“அது என்ன பாட்டுங்க்கா?”

மயிலாத்தாளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் கேட்டாள்.